சொல்லாமல் விட்ட வீடு

பிராண்ட்கில் பள்ளத்தாக்கில் யாராவது இறந்துவிட்டால் அந்தச் செய்தி டைனா கேப்ஸ்டிக்கின் கைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூடையோ பையோ வைத்திருந்தால் அவள் தன் வேலையாகப் போகிறாள். கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வெறுங்கையோடு, கல்சுவரை ஒட்டி ஏறி வருகிறாள் என்றால் துக்கம் சொல்ல வருகிறாள். வீட்டுக்காரி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள்.

அந்த வேலை முதலில் அவள் கணவன் ஆன்டனியுடையது. 1871 குளிரில் அவன் மார்புச்சளியில் படுத்துவிட்டான். அந்த வாரமே மேல்வீட்டுக் கிழவி ஒருத்தி இறந்துபோனாள். வேறு ஆள் இல்லாததால் டைனா போனாள். பொம்பளை துக்கம் சொல்ல வருவதா என்று இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள். ஆனால் அவள் ஒரு வீட்டையும் விடவில்லை, ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு ஆன்டனியே இறந்தபோது, அவனுக்கான துக்கத்தையும் அவளே சொன்னாள். அதன் பிறகு வேறு ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

சொல்வதற்கு மூன்றே விஷயங்கள்: யார், எப்போது எடுக்கிறார்கள், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும். உட்காரக் கூடாது. ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. இறந்தவரின் வீட்டார் கேட்டால்தான் புறப்பட வேண்டும். சொன்ன வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் அது அந்த வீட்டுக்கு அவமானம். சொல்லாமல் ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது பேரன் காலம்வரை பேசப்படும். டைனா விட்டதே இல்லை.

துக்கம் சொல்பவள் என்பதால் அவளைக் கண்டு யாரும் ஒதுங்கிப் போனதில்லை. கீழ்வீட்டு லான்டி தெக்ஸ்டன் அவளைப் பார்த்தால் வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார்.

"டைனா, எனக்கும் நீதானே சொல்லப் போற? கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. உன் குரலு அடைக்கோழி முனகுற மாதிரி இருக்கு."

"உங்களுக்குச் சொல்லணும்னா நான் ரெண்டு நடை நடக்கணும். மொத நடையில ஒருத்தரும் நம்பமாட்டாங்க. வருசா வருசம் சாகப்போறேன்னு சொல்லி ஊரையே ஏமாத்தி வச்சிருக்கீங்க."

"இந்த வருசம் நிஜம்."

"போன வருசமும் நிஜம்னுதான் சொன்னீங்க."

பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஓடை பிறக்கும் இடத்தில் கெல்ட்ஹெட் என்ற வீடு. அங்கே அவள் தம்பி மைல்ஸ் இருந்தான். டைனாவைவிட ஆறு வயது இளையவன். அம்மா இறந்த பிறகு அவனுக்குத் தலை சீவி, கால் கழுவி வளர்த்தவள் அவள்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஹாசில்டேலிலிருந்து தாமார் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதிகம் பேசாதவள். ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டால் மணிக்கணக்காக நகர மாட்டாள்.

1874 மார்ச் மாதம் ஒரு மத்தியானம் மைல்ஸ் தொப்பிகூட இல்லாமல் டைனாவின் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, புள்ள தங்கல" என்றான். "பொம்பளைப் புள்ள. மூச்சே விடல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாமார் எப்படி இருக்கா?"

"சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா. நாளைக்கு எடுக்கிறேன். எல்லா வீட்டுக்கும் சொல்லிடு."

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குத் துக்கம் சொல்கிற வழக்கம் பிராண்ட்கில்லில் இல்லை. பொழுது சாய்ந்ததும் தகப்பன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியே போவான். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரோரம் புதைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

"மைல்ஸ், அதுக்குச் சொல்றதில்லப்பா. உனக்கே தெரியும்."

"இதுவரைக்கும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்லு."

"நம்ம அப்பாவும் ரெண்டு தடவை அப்படித்தான் தூக்கிட்டுப் போனாரு."

"போனாரு. வந்தப்புறம் ஒரு வார்த்தை பேசுனாரா? நீ பாத்தியா?"

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சரி என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப் பெட்டி சுமந்த தகப்பன் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு சுமந்தார்கள். அவர்கள் வாசலில் போய் நின்று, என் தம்பி பிள்ளைக்கு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? உன் தம்பி என்றால் ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. இதை அவனிடம் எடுத்துச் சொல்லப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

"நான் பெத்ததுக்கு ஊரு வராதுன்னா, ஊர்ல செத்ததுக்கு நீ என் வாசலுக்கு வராத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அவன் பெட்டியோடு ஓடைக்கரையில் இறங்கிப் போனதை அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். கூடப் போயிருக்கலாம். அக்கா என்ற முறையில் போவதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. அது அவளுக்குத் தோன்றியபோது அவன் பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தான்.

அதன் பிறகும் ஒவ்வொரு சாவுக்கும் டைனா கெல்ட்ஹெட்டுக்கு ஏறினாள். ஒரு வீட்டையும் விடக்கூடாதே. கதவு சாத்தியிருக்கும். அவள் கதவைப் பார்த்து, யார், எப்போது, இரண்டு பேர் என்று மூன்றையும் சொல்வாள். உள்ளே தாமார் கரண்டியால் சட்டியை இரண்டு தட்டுத் தட்டுவாள். காதில் விழுந்தது என்று அர்த்தம். அடக்கத்துக்கு மைல்ஸ் ஒரு தடவையும் வரவில்லை. தாமார் ஒரு தடவையும் வராமல் இருந்ததில்லை. இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் தனியாக வந்து நிற்பாள். மழையானாலும் நிற்பாள், பனி கொட்டினாலும் நிற்பாள். மற்றவர்கள் குழியைச் சுற்றி நிற்கும்போது அவள் மட்டும் சற்று விலகி வடக்குச் சுவர்ப் பக்கமாக, எப்போதும் ஒரே இடத்தில் நிற்பாள்.

ஒருமுறை கோயில் வாசலில் டைனாவின் அருகே வந்து, "வசந்த காலத்துல கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஓடைத் தண்ணி இரைச்சல்ல பேரு கேக்கல. யாரு செத்தாங்கன்னு தெரியாமலே வந்தேன்" என்றாள்.

"தெரியாமலேவா வந்த?"

"யாரா இருந்தா என்ன" என்றாள் தாமார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

1893 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, தச்சன் செப்டிமஸ் டார்க், டைனாவின் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மைல்ஸ் உன்கிட்ட வரலையா?"

"அவன் ஏன் வரப்போறான்?"

"தாமார் போயிட்டா. சனிக்கிழமை ராத்திரி. நெஞ்சுல சளி கட்டி நாலு நாளாக் கிடந்தாளாம். பெட்டி வேணும்னு வந்தான். நாளைக்குச் சாயங்காலம் கொண்டுபோய்க் குடுக்கணும். எப்ப எடுக்கிறீங்கன்னு கேட்டேன். அது என் பாடுன்னுட்டான்."

இறந்து இரண்டு நாளாகிவிட்டது. மைல்ஸ் டைனாவைக் கேட்டு வரவில்லை. வரவும் மாட்டான். கேட்காத வீட்டுக்காகத் துக்கம் சொல்லப் போகக் கூடாது. போகாவிட்டால் தாமாரை ஒரு மனிதரும் இல்லாமல் எடுப்பார்கள். ஊரில் ஒரு சாவையும் தவறவிடாதவளுக்குப் பின்னால் நடக்க ஒரு ஆள் இருக்காது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் வழக்கத்தைக் காப்பாற்றினாள். இப்போது சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பினாள்.

நாளையும் நேரத்தையும் அவளே கணக்குப் பண்ணிக்கொண்டாள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள்தான் எடுப்பார்கள். கோயில் தொலைவு என்பதாலும் குளிர்காலத்தில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும் என்பதாலும் ஒரு மணிக்குத்தான் எடுப்பார்கள். அவள் அறிந்த சாவு அனைத்தும் அப்படித்தான். ஆகவே புதன்கிழமை, ஒரு மணி.

முதல் வீடு லான்டி தெக்ஸ்டனுடையது. எண்பதைத் தாண்டிவிட்ட அவர் நெருப்போரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"தாமார் இறந்துட்டா. புதன்கிழமை ஒரு மணிக்கு எடுக்கிறாங்க. உங்க வீட்டுலேருந்து ரெண்டு பேர் வரணும்."

"மைல்ஸ் உன்னக் கேட்டானா?"

"புதன்கிழமை ஒரு மணிக்கு" என்றாள் டைனா.

"நான் கேட்டது அது இல்ல."

"நான் சொல்ல வந்தது அதுதான்."

கிழவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "என் ஆக்னஸை எடுத்தப்போ அந்தப் பொண்ணு முழங்கால் பனியில நின்னா" என்றார். "நான் வரேன். நடக்க முடியாது. நாற்காலியோட தூக்கிட்டு வரச் சொல்றேன். வழியிலேயே போயிட்டேன்னா உனக்கு ஒரு நடை மிச்சம்."

மற்ற வீடுகளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வருகிறோம் என்றார்கள். குழி வெட்டுவதும் அங்கே அக்கம்பக்கத்து ஆண்களின் வேலை. இரண்டு பேரை அழைத்து, வடக்குச் சுவரோரம் தாமார் எப்போதும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டச் சொன்னாள். பாதிரியாரிடம் அவர்களே சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கெல்ட்ஹெட்டின் மதிலருகே வந்து நின்றாள். கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. முற்றத்தைத் தாண்டினால் கதவு. அவள் இருபத்திரண்டு வருஷமாகத் துக்கம் சொல்கிறாள். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் சொன்னதே கிடையாது. யாரும் சொல்வதில்லை. அந்த வீடுதானே மற்ற வீடுகளுக்குச் சொல்லி அனுப்புகிறது. அதற்கே போய் எதைச் சொல்வது? கால் அதற்கு மேல் நகரவில்லை. தட்டினால் திறக்காத கதவு என்ற பயமும் இருந்திருக்கும். சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி இறங்கினாள். தான் சொல்லாமல் விட்ட வீடு ஒன்று இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை நல்ல உறைபனி. ஒரு மணிக்கு முன்பே கெல்ட்ஹெட் முற்றம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு பேர், எல்லாரும் கறுப்பில். லான்டி நாற்காலியோடு வந்து இறங்கியிருந்தார். நாய் குரைக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவர்தான்.

"நாயக் காணோமே" என்றார்.

செப்டிமஸ் கதவைத் தட்டினான். முந்தின நாள் பெட்டியை வாங்கிக்கொண்டு, அவனைப் பேச விடாமல் மைல்ஸ் சாத்திய கதவு அது. பதில் இல்லை. தாழ் போடவில்லை, தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே நெருப்பு சாம்பலால் மூடப்பட்டிருந்தது. படுக்கையில் விரிப்பு இல்லை. கூடத்தின் நடுவில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன. அவற்றின்மேல் ஒன்றுமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் போன ஒருவன் கூப்பிட்டான். வண்டிச்சக்கரத் தடம் உறைபனியில் பளிச்சென்று தெரிந்தது. அது கோயிலுக்கு இறங்கும் வழியில் போகவில்லை. மேலே ஏறி, மலையின் முதுகைத் தாண்டி, ஹாசில்டேல் பக்கம் போயிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கான். தடத்துக்குள்ளயே மறுபடி பனி பிடிச்சிருக்கு பாரு."

"அவ பொறந்த ஊருக்குக் கொண்டுபோயிட்டான்."

"அப்ப ஒரு மணின்னு யாரு சொன்னது?"

எல்லாரும் டைனாவைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள்.

"அவன் உன்னக் கேட்டானா இல்லையா?"

"கேக்கல."

ஒருத்தி சட்டென்று, "மாட்டை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து, அண்டை வீட்டுக்காரி முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டாள். லான்டி, "இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தவனுங்க பாவம்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இருந்தும் உடனே யாரும் கிளம்பிவிடவில்லை. வண்டி திரும்பி வந்தாலும் வரும் என்று மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு இரண்டு பேராக இறங்கிப் போனார்கள். டைனா மைல்ஸின் கோழிகளை அடைத்துவிட்டுக் கடைசியாக இறங்கினாள்.

திறந்த குழியை அப்படியே விட்டுவைக்க முடியாது. வெட்டச் சொன்னவள் அவள். மூட வேண்டியவளும் அவளே என்று வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டியோடு கோயிலுக்குப் போனாள். வடக்குச் சுவரோரம் மைல்ஸ் நின்றுகொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. அவனை அவ்வளவு அருகில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் கையிலும் மண்வெட்டி.

"செப்டிமஸ் சொன்னான்" என்றான்.

அவள் தலையசைத்தாள். இரண்டு பேரும் குழியைப் பார்த்தார்கள். சதுரமாக, சுத்தமாக வெட்டியிருந்தார்கள்.

"இடம் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான். "புள்ளைக்குக் கல்லுகூட வைக்கல."

"ஒவ்வொரு தடவையும் அவ இங்கதான் நிப்பா."

அவனுக்கு அது தெரியாது. அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அவன் இந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

"புள்ளய நான் ஒருத்தனே கக்கத்துல வச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றான். "இவள அப்படிக் கொண்டுவர முடியாதே. இறக்குறதுக்கு நாலு பேரு வேணும். இங்க எனக்கு நாலு பேரு எங்க இருக்காங்கன்னு நெனச்சேன். அங்க அவ அண்ணந்தம்பிங்க இருக்காங்க. அதான் கொண்டுபோனேன். இல்லன்னா நான் ஏன் இவள அதுகிட்டேருந்து பிரிச்சு மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கப்போறேன்?"

டைனா வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஒரு மணி வரைக்கும் இருந்திருப்பேன்."

"மதில் வரைக்கும் வந்தேன் மைல்ஸ். சாவு வீட்டுக்குச் சொல்றதில்லையே."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள்.

"ஆமா" என்றான். "சொல்றதில்லதான்."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"பேராயர் வரைக்கும் எழுதிக் கேக்கணுமாம். இங்க பாதிரியார்கிட்ட நேத்தே விசாரிச்சேன். வேண்டாம். அவள மறுபடி தோண்ட என்னால ஆகாது."

அவன் மண்வெட்டியை ஊன்றினான். அவளும் எதிர்ப்பக்கம் நின்று தள்ளினாள். மண் உறைந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒன்றும் இல்லாத குழிக்குள் பெரிய சத்தத்தோடு விழுந்தது. பாதி நிறைந்தபோது அவன் நிறுத்தினான்.

"எத்தனை பேர் வந்தாங்க?"

"வீட்டுக்கு ரெண்டு பேர். ஒரு வீடும் பாக்கி இல்ல. லான்டிய நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க."

"கையில என்ன கொண்டுபோனாங்க?"

துக்கத்துக்கு வந்தவர்களின் கையில் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிட்டுத் தின்பார்கள். வெறுங்கையோடு யாரையும் அனுப்பிய சாவு வீடு அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

"ஒண்ணும் கொண்டுபோகல" என்றாள். "யாரும் எதிர்பாக்கல."

"என் முற்றத்துல வந்து நின்னுட்டு ஒண்ணும் இல்லாம போனாங்களா" என்றான். குழி நிரம்பும்வரை மண்ணைத் தள்ளினான். நிரம்பியதும் காலால் மிதித்துச் சமன் செய்தான். அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மைல்ஸ் வண்டி கட்டிச் சந்தை ஊருக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தான். கீழ்வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வாசலாக ஏறினான். எங்கும் உட்காரவில்லை. "தாமாருக்கு" என்று சொல்லி வீட்டுக்கு இரண்டு ரொட்டி கொடுத்தான். லான்டி ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் கையை விடாமல் பிடித்திருந்ததாகவும், அவனாக இழுத்துக்கொள்ளும்வரை விடவில்லை என்றும் அந்த வீட்டில் சொல்வார்கள்.

டைனாவின் வீடு அவன் வழியில் நடுவில் இருந்தது. அவன் அதைத் தாண்டிப் போனதை அவள் பார்த்தாள். திரும்பி இறங்கும்போது வந்து கதவைத் தட்டினான். திறந்தாள்.

"தாமாருக்கு" என்றான். இரண்டு ரொட்டிகளை நீட்டினான்.

"நான் ஒருத்திதானே மைல்ஸ்."

"வீட்டுக்கு ரெண்டு."

"உள்ள வந்து ஒரு வாய் தேநீர் குடிச்சிட்டுப் போயேன்."

அவன் அடுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மழையில குதிரை நனையுது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அதன் பிறகு டைனா பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். துக்கம் சொல்வதையும் விடவில்லை. கெல்ட்ஹெட் கதவு அவளுக்குத் திறந்தது. மைல்ஸ் வாசலில் நின்று கேட்டுக்கொள்வான், தலையசைப்பான், சாவுக்கும் வருவான். வீட்டுக்கு இரண்டு பேர் என்று அந்த வாசலில் மட்டும் அவள் சொல்வதில்லை.

அன்று கொடுத்த ரொட்டிகளில் ஒன்றை அந்த வாரமே தின்றாள். இன்னொன்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தபோது கத்தி இறங்காதபடி காய்ந்துபோயிருந்தது. தாமாருக்கான ரொட்டியை எறிய மனம் வராமல் பாலில் ஊறவைத்து, நாலு நாளாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தாள்.